உப்பு பூத்த வானம்

அந்த நாடக அரங்கின் பின்பக்கத்தில் அவளை எல்லோரும் மருந்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மருந்தால் யாருக்கும் காய்ச்சல் இறங்காது. மேடையேறுகிற துணி, பலகை, அட்டை, சாக்கு எதுவானாலும் அதற்குத் தீத்தடுப்பு மருந்து அடித்து அனுப்புவது அவள் வேலை. மருந்து அடித்தால் தீயே பிடிக்காது என்று அவள் ஒருநாளும் யாரிடமும் அளந்ததில்லை. நெருப்பைக் காட்டினால் கருகும், நெருப்பை எடுத்தால் அணைந்துவிடும், அவ்வளவுதான் அந்த மருந்தின் யோக்கியதை. உள்ளே இருப்பவர்கள் அடித்துப்பிடித்து வாசலுக்கு ஓட அது போதும்.

இந்த வேலையில் நல்ல பெயர் எடுப்பது குதிரைக்கொம்பு. தெர்மாகோலில் தூண் செய்து கொண்டுவந்தால் வேண்டாம் என்பாள், அதில் எந்த மருந்தும் ஒட்டாது. நைலான் வலை வேண்டாம். பளபளவென்று மலிவாகக் கிடைத்தது என்று யாராவது பாலியஸ்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தால் அதுவும் வேண்டாம், அவளிடம் இருக்கிற மருந்து பருத்திக்கும் மரத்துக்கும்தான் பேசும். "மருந்தக்கா வந்தாச்சா? அப்ப நம்ம ஐடியாவுக்கு மங்களம் பாடிட்டுப் போயிடுவாங்க" என்று நடிகர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் கசந்து போயிருந்ததை யாரிடம் சொல்ல?

அவள் கணவர் அதே அரங்கில் படுதா எழுதுகிறவர். எல்லோருக்கும் அவர் பெயிண்டர். மேடையின் பின்னால் தொங்குகிற பெரிய துணியில் காடு, தெரு, கடல் எதைக் கேட்டாலும் எழுதித் தருவார். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில் இரண்டு வருஷம் வீட்டோடு கிடந்தார். சும்மா கிடந்த மனுஷன் சும்மாவா கிடப்பார்? சாம்பாரில் உப்பு தொடங்கி சன்னல் கொக்கி வரை எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். குற்றம் சொன்ன காலமே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான்.

புது நாடகத்துக்கு ஒரு வானம் வேண்டுமென்று டைரக்டர் கேட்டபோது மேனேஜர் இழுத்தார். "அவரால முடியுமாம்மா? குனிஞ்சு நிமிரணுமே?" என்றார். முடியும் என்று அவள்தான் அடித்துச் சொன்னாள். துணியைத் தரையில் விரித்து, நீளக் கம்பில் பிரஷைக் கட்டி, இன்னொரு கையில் ஊன்றுகோலோடு அவர் அந்த வானத்தை எழுதினார். கீழே அந்தி மிச்சம், மேலே போகப் போகக் கருநீலம். எழுதும்போது வாய்க்குள் ஏதோ முனகிப் பாடினார். பக்கத்து அறையில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த அவள் அதைக் கேட்டுவிட்டு, கலக்குகிற கோலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு வானம் மேடையேறிவிட்டால் போதும், மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

வானத்துக்கு எந்த மருந்து என்பதில்தான் சிக்கல் வந்தது. எழுதி முடித்த படுதாவுக்கு அவள் சில வருஷங்களாக அடிப்பது பால் மாதிரி ஒரு திரவம். நூலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. கேட்டிருந்த கேன்கள் வந்து சேரவில்லை. நாளைக்கு வரும் என்றார்கள், மறுநாளும் அதையே சொன்னார்கள். கையில் இருந்தது பழைய மருந்து, வெந்நீரில் கரைத்த வெங்காரமும் போரிக் பவுடரும். அதுவும் லேசுப்பட்டதில்லை, பருத்தித் துணி அதை நன்றாகக் குடிக்கும், தீயும் நிற்கும். அதற்கு இரண்டு கெட்ட குணம். காற்றில் ஈரம் ஏறினால் உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். துணியில் தண்ணீர் பட்டால் வந்த வழியே தண்ணீரோடு போய்விடும். வேறு வழியில்லாமல் அதையே கலந்து, வர்ணம் காய்ந்த பிறகு துணியின் முதுகில் அடித்தாள்.

துணியில் ஈரம் படக்கூடாது என்று கணவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாள். வீட்டுக்கு வந்தால் மாவு தீர்ந்திருந்தது, துணி ஊறிக்கொண்டிருந்தது, மகள் போன் பண்ணி அவள் மாமியார் புராணத்தை ஆரம்பித்துவிட்டாள். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மேடையில் தொங்கவிட்ட வானத்தின் கருநீலத்தில் அங்கங்கே வெள்ளை பூத்தது, சுவரில் சுண்ணாம்பு உரிந்த மாதிரி. அதைப் பார்த்துவிட்டு அவள் சோறு இறங்காமல் படுத்தாள். மறுநாள் தீயணைப்பு அதிகாரி சோதனைக்கு வருவார், டைரக்டரும் படுதாவைப் பார்க்க வருவார், அதற்கு அடுத்த நாள் முதல் காட்சி.

காலையில் அவள் நேராகத் தச்சுக் கொட்டகைக்குப் போனாள். மரச் சட்டங்களுக்கு மருந்து கலந்த பெயிண்ட் பூசுகிற வேலை பாக்கியிருந்தது. முடித்துவிட்டுக் கை கழுவக்கூட நேரமில்லை, அதிகாரி வந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள்.

சோதனைக்கென்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. எழுதின முகத்தில் யாரும் கத்தரி வைக்க மாட்டார்கள். படுதாவின் அடியில் வெறும் துணியாக ஒரு சாண் வால் விட்டிருப்பார்கள், அதிலிருந்துதான் துண்டு வெட்டுவது. அதிகாரி துண்டை இடுக்கியில் பிடித்து லைட்டரைக் காட்டினார். கருகியது. லைட்டரை எடுத்தார். சட்டென்று அணைந்தது. "சுத்தம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்க மேனேஜர் அறைக்குப் போனார். டைரக்டர் படுதாவை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெயிண்டரின் தோளில் தட்டி, "இதுக்குத்தாங்க காத்துட்டு இருந்தேன்" என்றார். பெயிண்டருக்கு முகமெல்லாம் பல்.

அவளும் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்து விட்டது போலிருந்தது. ஒரு வெள்ளைப் பொட்டு கிடையாது.

எல்லோரும் போன பிறகு கேட்டாள். "நேத்து இதுல உப்பு பூத்திருந்துச்சே?"

"பூத்திருந்துச்சுதான். உன் மருந்து பண்ணின வேலை." அவர் பெருமையாகச் சிரித்தார். "யாரும் வர்றதுக்கு முன்னாடி வந்து தொடச்சுட்டேன்."

"எதால தொடச்சீங்க?"

"ஸ்பாஞ்சுதான், நீளக் கம்புல கட்டி. வெந்நீர்ல. ஒரு தடவ தொடச்சா மறுபடி வெள்ளையா வந்துச்சு, விடுவேனா? போற வரைக்கும் தொடச்சேன், பெரிய ஃபேனைப் போட்டுக் காயவும் வச்சேன். கீழ வால் பக்கம் மட்டும் தொடல, அத யாரு பாக்கப்போறா?"

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த டிரம் மேல் உட்கார்ந்தாள். அந்த வாலைத்தானே இப்போது கொளுத்திப் பார்த்தார்கள். மருந்து இருக்கிற இடம் தேறிவிட்டது. மருந்தை எல்லாம் கழுவித் துடைத்த இடம், அந்தப் பெரிய வானம் முழுவதும், வெறும் பருத்தித் துணியும் வர்ணமுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் கதாநாயகி நிஜ எண்ணெய் விளக்கை ஏந்தி அதன் ஓரமாகவே நடந்து போவாள். நிஜச் சுடர்தான் வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்று வாங்கிய அனுமதி அது.

சொல்லாமல் விட்டால் என்ன? கையெழுத்து விழுந்தாயிற்று. அந்தப் பெண் ஒத்திகையில் ஒருநாளும் தடுமாறியதில்லை. இத்தனை காலம் எல்லோர் ஆசையிலும் மண்ணைப் போட்டவள், இன்று சொந்தப் புருஷன் சோற்றிலும் போடவேண்டுமா? அவளுக்கு அலுப்பாக இருந்தது. அப்படியே அந்த டிரம் மேலேயே தூங்கிவிடலாம் போலிருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?" என்றார் அவர்.

சொன்னாள். பால் மருந்து வராததை, உப்பு மருந்து அடித்ததை, அவரிடம் சொல்ல மறந்ததை. அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"முதுகுலதானே அடிச்ச? நான் முகத்தைத்தானே தொடச்சேன்?"

"உப்பு முகத்துக்கு வந்ததாலதானேங்க பூத்துச்சு. நீங்க தொடைக்கத் தொடைக்க உள்ள இருந்ததும் வந்திருக்கும்."

"வந்திருக்கும், வந்திருக்கும்னா? உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. வெட்டிக் கொளுத்திப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் குரல் உயர்ந்தது. "எங்க வெட்ட? வானத்துலயா? ஆபீசரே சுத்தம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, உனக்கு என்ன? ரெண்டு வருஷம் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தேனே, மறுபடி அங்கயே கொண்டுபோய் உக்கார வைக்கணுமா?"

அது அவளைச் சுருக்கென்று தைத்தது. திருப்பிக் கத்தத் தெம்பில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லைங்க. எனக்கு முடியல. வேண்டாம்னு சொல்ற ஆளா இருந்து இருந்து சலிச்சுப்போச்சு. தப்பு பாதி என்னுது, பாதி உங்களுது. இந்தத் தடவ நீங்களே பாருங்க, நீங்களே முடிவு பண்ணுங்க." கத்தரியையும் தீப்பெட்டியையும் அவர் பக்கத்தில் வைத்தாள். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அதையும் வைத்தாள். மறுபடி டிரம் மேல் உட்கார்ந்தாள்.

அவர் ஊன்றுகோலோடு வானத்துக்கு முன்னால் நின்றார். ஓரத்தில் வெட்டலாம், பக்கத்துத் திரை மறைத்துவிடும், யாருக்கும் தெரியாது. கைகூட அங்கே போனது. பிறகு நடுவுக்கு நகர்ந்தார். விளக்கு ஏந்தி வருகிற பெண்ணின் கை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், அந்தி முடிந்து நீலம் தொடங்குகிற இடத்தில், கத்தரியை நுழைத்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். வெட்டின சத்தம் கேட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது துண்டு எரிந்துகொண்டிருந்தது. தீக்குச்சியை அவர் எப்போதோ விலக்கிவிட்டார். தீ அணையவில்லை, விறுவிறுவென்று அவர் விரலை நோக்கி ஏறியது. வாளியில் போட்டார். புஸ் என்று அடங்கியது.

"ஆபீசர் இன்னும் டீ குடிச்சிட்டுத்தான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்திருப்பதற்குள் அவர் தாங்கித் தாங்கி மேனேஜர் அறைக்கு நடக்க ஆரம்பித்தார்.

மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பேசிக்கொள்வதே கிடையாதா என்று கேட்டார். மறுபடி மருந்து அடிக்கலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மழை விடாத ஈரத்தில் மறுபடி பூக்கும், நடுவில் ஓட்டை வேறு. பொத்தல் வானமும் வெள்ளை வானமும் தனக்கு வேண்டாம் என்றார் டைரக்டர். கிடங்கிலிருந்து ஏற்கெனவே சோதனை முடிந்த பழைய கறுப்புத் திரையை எடுத்துக் கட்டினார்கள். "அடுத்த நாடகத்துக்குப் பாக்கலாம் பெயிண்டரே" என்றார் டைரக்டர். அந்த மாதிரிப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் பகல் காட்சிதான் முதல் காட்சி. அவரும் வருகிறேன் என்றார். கடைசி வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கறுப்புத் திரைக்கு முன்னால் அந்தப் பெண் விளக்கோடு நடந்தாள். கை ஆடவில்லை, சுடர் ஆடவில்லை. முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வானம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மழை விட்டிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வந்தார். அவளுக்கு அந்த மௌனம் பழக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலத்து மௌனம். போச்சு, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தாள். தெரு முனையில் இடுப்பு வலிக்கு ஒரு மதிலில் சாய்ந்து நின்றார்.

"விளக்கு நேராத்தான் போச்சு. நம்ம வானம் தொங்கியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார்.

"ஆகியிருக்காதுதான்." என்றாள் அவள்.

"கதை என்னன்னு கேட்டா எனக்குத் தெரியல" என்றார் அவர். "அந்தப் பொண்ணு கையையேதான் பாத்துட்டு இருந்தேன். பின்னாடி தொங்குறது நல்ல துணிதான், பயமில்லைன்னு தெரிஞ்சும் கண்ணு வேற பக்கம் போகமாட்டேங்குது. உள்ளங்கை எல்லாம் வேர்த்துடுச்சு." அவள் பக்கம் திரும்பினார். "நீ எல்லா நாடகத்தையும் இப்படித்தான் பாக்கறியா?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை. எந்த நாடகத்திலும் கடைசியில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதாள். அவர் அவளைத் தடுக்கவில்லை. ஊன்றுகோலை மதிலில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் தோளில் தொங்கிய பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.