ரொட்டி வேனின் முன் சீட்டு

சௌந்தரம் கேட்டது ஒரே ஒரு இடம். ஓடுகிற வண்டியில், புருஷன் பக்கத்தில், முன் சீட்டு. இதற்குப் போய் ஒரு பொம்பளை ஏங்குவாளா என்று சிரிக்கிறவர்கள், கோலார் தங்கவயலில் ஒரு வைண்டர் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

அவள் புருஷன் முனுசாமிக்குச் சுரங்கத்தில் வேலை என்றாலும் சுரங்கத்துக்குள் இறங்குகிற வேலை இல்லை. மேலே எஞ்சின் ரூமில் உட்கார்ந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை விடுவதும் இழுப்பதும் அவன் பொறுப்பு. கேஜில் யார் நிற்கிறார்கள் என்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. பெல் அடித்தால் எடுப்பான், பெல் அடித்தால் நிறுத்துவான். பெல் அடிக்காவிட்டால் சாமியே வந்து சொன்னாலும் லிவரைத் தொடமாட்டான். நைட் ஷிப்ட் வாரங்களில் அவன் பகலெல்லாம் தூங்குவான். கம்பெனி கொடுத்த ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பு வீட்டில் அவளும் இரண்டு பெண்களும் கரண்டிச் சத்தம்கூட வராமல் நடமாடுவார்கள். பஸ் ஏறினால் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். ஆண்டர்சன்பேட்டை சினிமாக் கொட்டகையில் அவளுக்கு ஒரு பக்க பெஞ்சு, அவனுக்கு ஒரு பக்க பெஞ்சு. வீட்டுக்கு வந்துதான் படத்தைப் பற்றிச் சண்டை போட முடியும். தெருவில் நடந்தாலோ அவன் எப்போதும் நாலு வீடு முன்னால் போய்க்கொண்டிருப்பான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது மணவறையில்தான். அன்றைக்கும் ஒரே புகை.

அதனால் அறுபத்தேழாம் வருஷக் கோடையில், பெங்களூரில் ஒரு பேக்கரி ஏலத்தில் விட்ட பழைய ரொட்டி வேனை முனுசாமி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "லீவு போட்டுட்டேன். பசங்களக் கூட்டிகினு கடலோரமாவே போய் வரலாம். சமையல், படுக்கை எல்லாம் வண்டிக்குள்ளயே" என்றபோது, அவளுக்குக் கடல் முதலில் தோன்றவில்லை. எட்டிப் போய் முன் சீட்டைத்தான் பார்த்தாள். இரண்டு பேர் உட்காரும் சீட்டு. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று ஆகிவிட்டது.

முனுசாமியும் அவன் சிநேகிதன் சாம்ராஜும் ஒரு மாசம் அந்த வேனோடு மல்லுக்கட்டினார்கள். ரொட்டி அடுக்கும் தட்டுகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு படுக்கை, ஸ்டவ் வைக்க ஒரு மூலை, தண்ணீருக்கு ஒரு டிரம். இடது பக்கம் முழுக்கப் படுக்கையும் அலமாரியும் அடைத்துக்கொண்டதால், ஜன்னலை வலது பக்கம் வெட்டினார்கள். வெளியே நீலப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்டுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய ரொட்டிப் படம் மட்டும் விடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிரைவர் இடத்துக்கும் பின்பகுதிக்கும் நடுவில் முழுத் தகரம். இங்கே பேசினால் அங்கே கேட்காது. சாம்ராஜ் அதில் ஒரு ஓட்டை போடலாம் என்றான். முனுசாமிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பித்தளை மணியைத் தன் காதுக்கு மேலே மாட்டி, அதன் கயிற்றைப் பின்னால் விட்டான். ஓர் அடி அடித்தால் நிறுத்த வேண்டும். மூன்று அடி அடித்தால் எல்லாரும் ஏறியாச்சு, எடுக்கலாம். கயிற்றை சௌந்தரத்தின் கையில் கொடுத்தான், என்னவோ வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல.

"நீதான் அடிக்கணும். பசங்க தொடக்கூடாது."

முன் சீட்டில் யார் என்று அவள் கேட்க வாயெடுப்பதற்குள் பங்காருபேட்டையிலிருந்து ஆறுமுகம் வந்து இறங்கினார். முனுசாமியின் அக்கா புருஷன். வெல்ல மண்டி வைத்திருப்பவர். அக்காவுக்கு மோட்டார் வாசனை பட்டாலே குமட்டும் என்பதால் தனியாக வந்தார். "கடலூரு, நாகப்பட்டணம் எல்லாம் லோடு ஏத்திகினு போனவன் நானு. வழி சொல்ல ஆள் வேணுமில்ல?" என்று சொல்லிக்கொண்டே முன் சீட்டில் ஏறி, வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மூத்தவர். என்ன சொல்ல முடியும்? சௌந்தரம் பின்னால் ஏறிக் கயிற்றை மூன்று முறை இழுத்தாள்.

பயணம் நன்றாகத்தான் போயிற்று, அதை மறைக்கக்கூடாது. வேலூரைத் தாண்டும்வரை பெரியவள் வள்ளியும் சின்னவள் சுந்தரியும் மேல் படுக்கைக்கு அடித்துக்கொண்டார்கள். அப்புறம் இரண்டு பேரும் கீழ்ப் படுக்கைக்கு அடித்துக்கொண்டார்கள். கடலூர்க் கடற்கரையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தோசை வார்த்தபோது, பாதி மாவும் பாதி மணலுமாக ஆளுக்கு ஆறு தோசை உள்ளே போயிற்று. ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகள் வேன் பின்னாலேயே ஓடிவந்து "பன்னு இருக்கா?" என்று கேட்டன. மூன்றாவது ஊரில் சௌந்தரம் பொறுக்கமாட்டாமல் ஒரு கடையில் இரண்டு டஜன் பன் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்ட பிள்ளைக்கெல்லாம் கொடுத்தாள். தரங்கம்பாடியில் பெண்களோடு அலையில் விழுந்து புரண்டு, வாயெல்லாம் உப்பாகச் சிரித்தாள்.

ஆனால் வண்டி கிளம்பினால் அவள் பின்னால்தான். தெற்கே போகிற வண்டிக்குக் கடல் இடது பக்கம். ஜன்னல் வலது பக்கம். மாமாவும் மாப்பிள்ளையும் முன்னால் கடலைப் பார்த்துக்கொண்டு போக, அவளுக்கு வழியெல்லாம் பனைமரமும் எருமையும்தான். இதைச் சொன்னபோது முனுசாமி யோசித்துப் பதில் சொன்னான்.

"திரும்பி வரும்போது கடலு வலது பக்கம் வந்துடும்."

"திரும்பறது தஞ்சாவூர் வழியா இல்ல போறோம்?"

"ஆமாம் இல்ல," என்றான் அவன், உண்மையாகவே வருத்தப்பட்டு. ஆனால் வருத்தத்தோடு சரி.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "பின்னாடி ஒரே புழுக்கமாக் கீது" என்றாள். உடனே அவன் பின்கதவை ஒரு சாண் திறந்து கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தான். புழுக்கம் போய்ப் புழுதி வந்தது. நாகப்பட்டினத்தில் வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டாள்.

"நான் முன்னாடி குந்திக்கட்டுமா? நாளைக்கு வேதாரண்யத்தோட கடலோரம் முடிஞ்சிடுது."

"பெல்லு?"

"அண்ணன் அடிக்கட்டுமே."

"மாமாவா? அவரு கையில பெல்லக் குடுத்தா வண்டி கொளத்துலதான் நிக்கும். நீ பெல்லுல இருந்தாத்தான் எனக்கு நிம்மதி சௌந்தரம்."

அவனைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எஞ்சின் ரூமில் இருப்பவன் தன் உயிரையும் ஊரார் உயிரையும் பெல் அடிக்கிற கையை நம்பித்தான் வைத்திருக்கிறான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் பற்றிக்கொண்டு வந்தது. இவன் நிம்மதிக்கு நான் வழியெல்லாம் எருமை எண்ண வேண்டுமா என்று அன்றைக்குக் குழம்பில் புளியைக் கரைத்துக் கொட்டிவிட்டாள். ஆறுமுகம் மட்டும் ஒன்றும் தெரியாமல் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் வேதாரண்யம் போகும் வழியில், ஓரிடத்தில் பாதை கடலை ஒட்டியே வந்தது. ஒரு வண்டி அகலத்துக்குக் கரை. வலது பக்கம் உப்பளம், இடது பக்கம் மணலும் கடலும். கிணறு ஒன்றைப் பார்த்து நிறுத்திக் கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். சாப்பாடு ஆனதும் ஆறுமுகத்துக்குக் கண் சொருகியது. பின்பக்கம் வந்து, பெண்கள் இரண்டு பேரும் மேல் படுக்கையில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார்.

"யம்மா சௌந்தரம், எனக்குத் தூக்கம் தள்ளுது. நான் இங்க கொஞ்சம் கட்டையச் சாய்க்கிறேன். நீ போய் முன்னாடி குந்திக்கோ."

இப்படி ஒரு வார்த்தை எதிர்பாராமல் வந்து விழுந்தால் யாருக்குத்தான் கை கால் ஓடும்? நேராகக் கிணற்றடிக்குப் போனாள். முகத்தைக் கழுவினாள். புழுதி அப்பிய தலையை விரலால் கோதினாள். அங்கே ஒரு அம்மாள் கூடையில் தாழம்பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் உட்காருவதென்றால் பூ இல்லாமலா? சௌந்தரம் குனிந்து, நல்லதாக ஒரு மடலைத் தேடி எடுத்தாள்.

"ஏம்மா, அது ஒங்க வண்டிதானே? போவுது பாரு!" என்றாள் பூக்காரி.

திரும்பிப் பார்த்தால், நீல வேன் ரொட்டிப் படத்தோடு குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. "நிறுத்துங்க! இன்னாங்க! ஏய் வள்ளி!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். கடற்காற்று அவள் குரலை உப்பளத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியது.

நின்று மூச்சு வாங்கும்போதுதான் நடந்தது அவளுக்குப் புரிந்தது. வண்டி கிளம்பக் காணோமே என்று ஆறுமுகம் படுத்த வாக்கிலேயே கயிற்றை இழுத்திருக்கிறார். அவள் முன்னால் இருக்கிறாள் என்று அவர் நினைப்பு. மூன்று பெல் கேட்டது. மாமாவோடு அவளும் பின்னால் இருக்கிறாள் என்று முனுசாமியின் நினைப்பு. நடுவில் முழுத் தகரம். முன்னால் அவன் நிம்மதியாக ஓட்டுவான், பின்னால் இவர் நிம்மதியாகக் குறட்டை விடுவார். வேதாரண்யம் போய்க் கதவைத் திறக்கும்வரை அவளைக் காணோம் என்று யாருக்கும் தோன்றப் போவதில்லை.

அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டதால் அழவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து ஒரு சீட்டு காலியானது. அது காலியாகவே போகிறது! கையில் தாழம்பூவோடு நடு ரோட்டில் நின்றாள்.

"ஆம்பளைங்களுக்கு எங்க தெரியும்? அடுத்த வேளை சோறு கேக்கும்போதுதான் தேடுவாங்க," என்று பூக்காரி ஆறுதல் சொன்னாள். நல்ல ஆறுதல்!

அப்போது தூரத்தில் வண்டி நின்றது. முனுசாமி இறங்கிப் பின்பக்கம் ஓடுவதும், உள்ளே எட்டிப் பார்ப்பதும், தலையில் கை வைப்பதும் பொம்மலாட்டம்போலத் தெரிந்தது. திரும்ப ஓடிப்போய் ஏறினான். அந்தக் கரையில் வண்டியைத் திருப்ப இடமில்லை. ஆனால் வைண்டர் டிரைவருக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன? கேஜ் போன வழியேதான் திரும்பி வரும். வேன் அப்படியே பின்பக்கமாக, போன வேகத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் வந்தது. திறந்திருந்த கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ள, வள்ளியும் சுந்தரியும் குதூகலமாகக் கூச்சல் போட, ஆறுமுகம் தண்ணீர் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "முருகா முருகா" என்று அலறினார். பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வண்டி சௌந்தரத்தின் முன்னால் வந்து நின்றது. முனுசாமி குதித்து இறங்கினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?" விறைப்பாகக் கேட்டாள்.

"பெல்லு உன்னுது இல்ல."

"மூணுதானே அடிச்சாரு அவரு?"

"மூணுதான். ஆனா அவரு தடதடன்னு அடிச்சாரு. நீ ரெண்டு அடிச்சிட்டு, மூணாவதுக்கு முன்னாடி கொஞ்சம் நிப்பே. பசங்க சரியாக் குந்தினாங்களான்னு பாக்கறே போல. அப்பறம்தான் மூணாவது வரும்." அவன் அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னான். "பழக்கத்துல கை எடுத்துடுச்சு. கொஞ்ச தூரம் போனதும் மனசு அடிச்சிகிச்சு. இது சௌந்தரம் இல்லியேன்னு."

அப்படி நின்று அடிப்பது சௌந்தரத்துக்கே தெரியாது. ஷாப்ட்டு, கேஜு, ஷிப்ட்டு என்று எதையோ கேட்டுக்கொண்டே வாழ்கிற இந்த மனுஷன், தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து தன்னையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான். கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அது கையில் நிற்கவில்லை.

"அதான் சொல்றேன், நீ பின்னாடி இருந்தாத்தான் எனக்கு..." என்று ஆரம்பித்தான் முனுசாமி.

"போதும்," என்றாள் அவள். நேராக முன்பக்கம் போய்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

முனுசாமி பின்கதவை இழுத்துக் கட்டினான். அப்புறம் சுற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் பக்கம் முழுக்கக் கடல். கண்ணாடிக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் நீலமாக ஆடிக்கொண்டிருந்தது. தாழம்பூ வாசனை சின்ன இடத்தில் கும்மென்று நிறைந்தது.

பின்னாலிருந்து ஆறுமுகம் மூன்று பெல் அடித்தார், தடதடவென்று. முனுசாமியின் கை கியருக்குப் போயிற்று.

"இருங்க," என்றாள் சௌந்தரம்.

"பெல்லு அடிச்சாச்சு, சௌந்தரம்."

"அடிக்கட்டும். நான் இன்னும் சரியாக் குந்தல."

அவள் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். தாழம்பூ மடலை நிதானமாகக் கிழித்து, பின்னலில் செருகிக்கொண்டாள். பிறகு கடலைப் பார்த்தாள். கடலைப் பார்த்துவிட்டு அவனையும் பார்த்தாள். அவன் கியரிலிருந்து கையை எடுத்தான். பிறகு எஞ்சினை அணைத்தான். அலைச் சத்தம் உள்ளே வந்தது.

பெல் மறுபடி அடித்தது. முனுசாமி கையை உயர்த்தி மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டான்.