நாணல்சிட்டு: பூஜ்யம்

அவருக்குப் பேர் பாம்புக்காது. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது சம்பளச் சீட்டோடு சரி. பறவை கணக்கெடுக்கிற தொழிலில் இருபத்தாறு வருஷம். புதருக்குள் ஒரு குருவி தொண்டையைச் செருமினால் போதும், ஆணா பெண்ணா, கூடு கட்டிவிட்டதா, இன்னும் ஜோடி தேடி அலைகிறதா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார் என்று தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் சொல்வார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். தடவட்டுமே, சம்பாதித்த பேர்தானே.

வீடு கட்டி விற்கிறவர்கள் ஒரு நிலத்தில் கடப்பாரை வைப்பதற்கு முன்னால், அங்கே என்னென்ன பறவை குடியிருக்கிறது என்று எண்ணி எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது சட்டம். எண்ணிக் கொடுக்க ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி அவருடைய மைத்துனனுடையது, அதாவது பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. அத்தான் அத்தான் என்று அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். நாணல் மண்டிய சதுப்பு நிலம் எது வந்தாலும் அது அத்தானுக்குத்தான்.

"மத்த இடத்துக்கு எவனை வேணா அனுப்பலாம் அத்தான். நாணல் காட்டுக்கு உங்க காதுதான் வேணும்."

இதைக் கேட்டதும் மனுஷன் உச்சி குளிர்ந்து போவார்.

நாணல் காட்டில் அப்படி என்ன விசேஷம்? நாணல்சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்பு, சேற்று நிறம், கண்ணில் படுவதே அபூர்வம். சத்தத்தை வைத்துத்தான் எண்ண முடியும். அதுவும் என்ன சத்தம், மெல்லிய கம்பியை யாரோ இழுக்கிற மாதிரி கீச்சென்று ஒன்று. இரண்டு ஜோடி இருப்பதாக எழுதிவிட்டால் போதும், அந்த நிலத்தில் ஒரு செங்கல் வைக்க முடியாது. பேரைக் கேட்டாலே வீடு கட்டுகிறவர்களுக்கு ஆகாது.

நாலு வருஷத்தில் பத்தொன்பது நாணல் காடு பார்த்தார். காகம், புறா, மீன்கொத்தி, கொக்கு எதையும் விட்டுவைக்காமல் எழுதினார். நாணல்சிட்டு என்ற வரிசையில் மட்டும் பத்தொன்பது தடவையும் பூஜ்யம். சட்டத்துக்கு இரண்டு நாள் எண்ணினால் போதும். இவர் மூன்றாவது நாளும் போய் நிற்காமல் விட மாட்டார். அவ்வளவு யோக்கியம்.

"அந்த இனமே அத்துப் போச்சு போலிருக்கு," என்று சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லி வருத்தப்படுவார். அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "ம்" என்பாள்.

இருபதாவது காடு ஒரு டயர் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. நானூறு வீடு வரப்போகிறது. இரண்டு நாள் எண்ணி, அன்றன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கம்பெனியில் கொடுத்தாயிற்று, இரண்டிலும் பூஜ்யம். மூன்றாம் நாள் விடிகாலையில் போனால், வீடு கட்ட அனுமதி கொடுக்கிற திட்ட அலுவலகத்து அதிகாரியம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறார்.

"நீங்க பாட்டுக்கு எண்ணுங்க சார். நான் மேற்பார்வைக்கு வந்தேன். சும்மா பக்கத்துல நிக்கிறேன்."

எட்டு இடத்தில் நிற்க வேண்டும், இடத்துக்குப் பத்து நிமிஷம். ஐந்தாவது இடத்தில் அந்தம்மா நோட்டில் என்னவோ புள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். பாம்புக்காது ஓரக்கண்ணால் பார்த்தார். பதினோரு புள்ளி.

"என்ன மேடம் அது?"

"நாணல்சிட்டு சார்."

"காதுல பூ சுத்தாதீங்க மேடம்," என்று சிரித்தார். "இருபத்தாறு வருஷமா இதுலயே ஊறினவன் நான்."

அந்தம்மா செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். கீச்சுச் சத்தம் வரும்போதெல்லாம் திரையில் ஒரு கோடு எழும்புகிற ஏற்பாடு அது. கோடு எழும்பியது. மறுபடியும் எழும்பியது. அவருக்கு டயர் கிடங்கு லாரி கேட்டது, காற்று கேட்டது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் பத்தடி தள்ளி ஒரு நாணல் நுனி ஆடியது. அதில் ஒரு சிட்டு. அலகைத் திறந்து, தொண்டை துடிக்கத் துடிக்கக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"நிஜமாவே கேக்கலையா சார்?"

அந்தம்மா தாழ்ந்த குரலில்தான் கேட்டார். அதற்குப் பதிலாக நாலு அறை விட்டிருக்கலாம். வயிறு சரியில்லை என்று எதையோ உளறிவிட்டு, படிவத்தை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

நேரே காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போனார். கண்ணாடி அறை. தலையில் ஹெட்போன். கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கட்டைவிரலைப் பட்டன் மேலேயே வைத்துக்கொண்டு பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி காத்திருந்தார்.

வெள்ளைக் கோட்டுப் பெண் கதவைத் திறந்தாள். "ஏன் சார் அழுத்தவே இல்ல?"

"சத்தம் வரட்டும்னு இருக்கேம்மா."

"எல்லாம் வந்து முடிஞ்சிருச்சு சார்."

பேச்சு கேட்கும், லாரி கேட்கும், மெலிசாகக் கீச்சென்று வருகிறதெல்லாம் போய்விட்டது, போய் அஞ்சு வருஷத்துக்குக் குறையாது என்றாள். அஞ்சு வருஷம் என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது காடு! பத்தொன்பதிலும் சிட்டுகள் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. இவர் நடுவில் போய் நின்று, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

சேர்த்து வைத்ததைத் துடைத்து எடுத்து இரண்டு காதுக்கும் கருவி வாங்கி மாட்டிக்கொண்டார். பரிசோதனைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்தார். வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை. என்ன கவலை தெரியுமா? 'என்னை நம்பின பையன். அவன் கம்பெனிக்கு நானே குழி பறிச்சுட்டேனே. அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?' மைத்துனனை நினைத்து அந்த மனுஷன் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதார். என்னத்தைச் சொல்ல!

வீட்டுக்கு வந்தார். கதவுக் கீல் முனகியது. இத்தனை நாள் முனகியிருக்கிறது போலிருக்கிறது. முதலில் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று சமையலறைப் பக்கம் போனார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கை என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் சாய்த்திருந்தாள். மைத்துனன் குரல்.

"அத்தான் வந்துட்டாரா? மெதுவாப் பேசுக்கா."

"எதுக்குடா மெதுவா? அவருக்கு எங்க கேக்கப் போகுது."

வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அந்த அதிகாரியம்மா போன் பண்ணுச்சு. அத்தானுக்குக் காதுல ஏதாவது கோளாறான்னு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். நீயும் அப்படியே சொல்லிடு."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி, கெட்டில் கத்துறது அவருக்குக் கேக்கலைன்னு உன்கிட்டதானே வந்து அழுதேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னேன். நீதானே வேண்டாம்னே?"

"கூட்டிட்டுப் போயிருந்தா பத்தொன்பது இடம் தேறியிருக்குமா? காது நல்லா இருக்கிறவன் ஆறு பேர் இருக்கான் என்கிட்ட. அவனுங்களுக்கெல்லாம் கேட்டுத் தொலைக்குதுக்கா. அத்தான் ஒருத்தர்தான் பொய் சொல்லாம பூஜ்யம் போடுவார்."

அவள் சிரித்தாள். "பாவம்டா அவர்," என்றாள். சின்னச் சிரிப்பு, மூக்கோடு வந்து மூக்கோடு போகிற சிரிப்பு. நேற்றாக இருந்தால் அது அவருக்குக் கேட்டிருக்காது.

கத்தியிருக்கலாம். போனைப் பிடுங்கித் தரையில் அடித்திருக்கலாம். அவர் ஓசைப்படாமல் கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து, "சாப்பிட வாங்க," என்றாள். "என்ன?" என்றார். "சாப்பிட!" என்று கத்தினாள். "என்ன?" என்றார் மறுபடியும். தொண்டை கமறுகிற வரைக்கும் அவளைக் கத்த வைத்தார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம், கேவலமான சந்தோஷம்தான்.

மறுநாள் விடிகாலை, தனியாளாக டயர் கிடங்குக்குப் பின்னால் போய் முதல் இடத்திலிருந்து தொடங்கினார். கேட்டது. நாலு பக்கமும் கேட்டது. ஒன்று கத்த, எதிர்ப்பக்கம் இன்னொன்று பதில் கொடுக்க, நடுவில் குஞ்சுகள் பசியில் நச்சரிக்க, காடே பேசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கோடு போட்டார். கோடு போடும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. எட்டு இடமும் முடித்தபோது பதினாலு ஜோடி. முந்தின பத்தொன்பதும் தப்பு, என் காதுதான் காரணம் என்று தனியாக ஒரு கடிதம் எழுதினார். இப்போது காது கேட்கிறது என்பதற்கு அத்தாட்சியாக, பரிசோதனைச் சீட்டையும் கருவி வாங்கின ரசீதையும் படிவத்தோடு சேர்த்துக் குத்தினார். திட்ட அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதிகாரியம்மாவுக்குப் பதினாலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த தாளைப் புரட்டியதும் சுருங்கிப் போனது.

"இந்தச் சீட்டை ஏன் சார் சேர்த்துக் குத்தினீங்க?"

"எதையும் மறைக்கக் கூடாது மேடம். மறைச்சதெல்லாம் போதும்."

அந்தம்மா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனார். அரைமணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்து எதிரே உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"காது குறைன்னு சான்று இருக்கிறவங்க எண்ணினது செல்லாதாம் சார். அதனால இந்தப் பதினாலு செல்லாது."

"அப்போ முதல் ரெண்டு நாள் போட்ட பூஜ்யம்?"

"அது செல்லும். சீட்டுல நேத்துத் தேதிதானே இருக்கு. அதுக்கு முன்னாடி உங்களுக்குக் காது கேக்காதுன்னு எழுத்துல எங்கேயும் இல்லையே."

"உங்களுக்குக் கேட்டுச்சே மேடம்! பதினொண்ணு புள்ளி வச்சீங்களே!"

"நான் மேற்பார்வைக்கு வந்தவ. என் காது கணக்குல வராதாம்." அந்தம்மா படிவத்தை மேஜை மேல் வைத்தார். "ரெண்டு நாளே போதும், மூணாவது நாள் தேவையில்லைன்னு உங்க மைத்துனர் காலையில கடிதம் கொடுத்துட்டுப் போயிட்டார். அனுமதியில கையெழுத்தாயிடுச்சு."

"அந்தப் பத்தொன்பது?"

"அதுலயெல்லாம் இப்போ ஜனங்க குடியிருக்காங்க சார்."

வெளியே வந்ததும் போன் அடித்தது. மைத்துனன். "என் அடிமடியிலயே கை வைக்கப் பார்த்தீங்களே அத்தான். போகட்டும், உங்க சீட்டே என்னைக் காப்பாத்திடுச்சு. இனிமே வீட்ல ரெஸ்ட் எடுங்க."

வீட்டில் அவள் முந்திக்கொண்டாள். தம்பி அதற்குள் சொல்லியிருப்பான். "இந்த வயசுல வேற யாருங்க உங்களுக்கு வேலை குடுப்பா? உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சொல்லல."

"நொந்திருந்தா பத்தொன்பது காடு மிஞ்சியிருக்குமேடி."

அன்றிலிருந்து அவள் தம்பியின் போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறாள்.

திங்கட்கிழமை நாணலை வழித்து நிலத்தைச் சமன் செய்கிற இயந்திரம் வந்தது. பாம்புக்காது வேலிக்கு வெளியே, ஐந்தாவது இடத்துக்கு நேராகப் போய் நின்றார். யாரும் அனுப்பவில்லை. கையில் ஒரு வெற்றுப் படிவம், காதில் கருவி. இயந்திரம் இந்தக் கோடியில் இறங்கி அந்தக் கோடி வரைக்கும் போயிற்று, திரும்பி வந்தது. உறுமலுக்கு நடுவே முதலில் நாலா பக்கமும் கத்தல். பிறகு இரண்டு பக்கம். பிறகு ஒரே ஒரு மூலையில், குஞ்சு வைத்திருந்தது போலிருக்கிறது, நகராமல் நின்று கத்தியது. இயந்திரம் அந்த மூலைக்கும் போயிற்று. எல்லாவற்றையும் கேட்டார். கருவியைக் கழற்றவில்லை.

மத்தியானம் டிரைவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினான். பாம்புக்காது கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல முழுசாகப் பத்து நிமிஷம் நின்றார். டிரைவர் தீக்குச்சி கிழித்தது கேட்டது. கிளாஸைக் கல் மேல் வைத்தது கேட்டது. தன் கைக்கடிகாரத்தில் முள் நகர்வதுகூடக் கேட்டது. பத்து நிமிஷம் முடிந்ததும் நாணல்சிட்டு என்ற வரிசையில் பூஜ்யம் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். இருபது காட்டில் அவர் போட்ட சரியான பூஜ்யம் அது ஒன்றுதான்.