காற்று இறக்கிய டயர்

ஹெல்மெட்டுகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே திருதிருவென்று விழித்தபடி நின்றிருந்தார்கள். கல்யாண வயதில் பிள்ளைகள் வைத்திருக்கிற ஆண்கள், வகுப்புக்குத் தாமதமாக வந்தவர்களைப்போல. அவள்தான் எழுந்துபோய் ஒவ்வொன்றாக வாங்கிச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“இவங்களுக்கு என்னடி உபசாரம்? ஞாயித்துக்கிழமையானா ஆளை இழுத்துட்டுப் போனவங்கதானே.”

“சும்மா இரு அக்கா.”

கூடத்தில் அவள் கணவர் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடை, ஏழாவது நாள் பந்தயத் தடம். அதுவும் பந்தயத்துக்கு இல்லை. சும்மா பைக்கில் வேகமாகச் சுற்றிவர. “செக்குமாடுகூட சுத்துது, அதுக்கு எண்ணெயாவது வருது” என்பாள். அவர் சிரித்துக்கொண்டே பூட்ஸ் மாட்டுவார். இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அங்கே போய்ப் பார்த்ததில்லை. கூப்பிடாமல் இல்லை, பார்த்தால் பயம் அதிகமாகும் என்று போகவில்லை.

வந்தவர்கள் முதலில் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அவர்களில் பல் டாக்டரான ஒருவர் ஆரம்பித்தார்.

“மழையில மூணாவது வளைவுல நான் விழுந்தேனே, ஞாபகம் இருக்கா? புல்லுல உருண்டுக்கிட்டிருக்கேன். இவன் வண்டியைப் போட்டுட்டு ஓடி வந்து, ‘டாக்டர், பல்லெல்லாம் இருக்கா?’ன்னு கேக்குறான்.”

யாரோ குபுக்கென்று சிரித்துவிட்டு, அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தக் கதையை வீட்டில் அவர் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அவள் வீட்டை ரெண்டாக்கியிருப்பாள்.

ஸ்பேனர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோருடைய வண்டிகளையும் பழுதுபார்க்கிறவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“என்னாலதாம்மா போயிட்டான்.”

“என்ன அண்ணே பேசுறீங்க?”

“நேத்து விடியக்காலைல போன் பண்ணினான். பின் டயர் சரியில்ல, வரலைன்னான். போன வாரமே அதைப் பாருன்னு சொல்லியிருந்தான்மா. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். டயர் நல்லா இருந்தா வந்திருப்பான்ல? அங்க ஆம்புலன்ஸ் வந்து நின்னாத்தான் வண்டியையே உள்ள விடுவாங்க. டாக்டர் இருப்பாரு, ஷாக் குடுக்குற மிஷின் இருக்கும். நெஞ்சு வலிக்குதுன்னு வாயைத் திறந்திருந்தாப் போதும்…”

அவர் தண்ணீர்த் தம்ளரைக் குடிக்காமலே தரையில் வைத்தார்.

நேற்றுக் காலை பூட்ஸ் மாட்டிக் கிளம்பி நின்ற கணவரை அவள்தான் மறித்தாள். “ஒரு ஞாயிறாவது வீட்டுல இருங்களேன். ஒவ்வொரு தடவை போன் அடிக்கிறப்பவும் நான் செத்துச் செத்துப் பிழைக்கிறேன்.” அவர் பூட்ஸைக் கழற்றினார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து அவரே டீ போட்டார். அப்புறம் திரைச்சீலைக் கம்பியை மாட்ட ஸ்டூலில் ஏறியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆம்புலன்ஸ் தெரு மாறிப் போய்விட்டது. அது வரும்வரை டிவியில் பார்த்த ஞாபகத்தில் அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள். சரியாக அமுக்கினாளா என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

பொண்டாட்டி விடவில்லை என்று சொன்னால் கேலி பேசுவார்கள், அவளைப் பேசுவார்கள். அதற்காக டயர்மேல் பழியைப் போட்டிருக்கிறார் மனுஷன். இப்போது அது இந்த அப்பாவி ஸ்பேனர்மேல் விழுந்து கிடக்கிறது. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்காவுக்குக்கூட.

“வண்டியை ஒருதடவை பாத்துக்கலாமாம்மா?” என்றார் ஸ்பேனர்.

கொட்டகைக் கதவை அவள் திறந்துவிட்டாள். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, முகப்பு விளக்கில் டேப் ஒட்டி, வேனில் ஏற்றத் தயாராக நின்றது வண்டி. ஸ்பேனர் மண்டியிட்டுப் பின் டயரை விரலால் தடவினார். சட்டைப்பையிலிருந்து காற்றளவு பார்க்கும் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். முன் டயரிலும் பார்த்தார். மறுபடியும் பின் டயருக்கு வந்தார்.

“டயர் நல்லாத்தானே இருக்கு. காத்தைக்கூட இறக்கி வெச்சிருக்கான்.”

“இறக்குனா?”

“அங்க ஓட ஓட சூடாகிக் காத்து ஏறும்மா. அதனால முன்னாடியே கொறைச்சுக்குவோம். டிராக்குக்குப் போற அன்னிக்குத்தான் இறக்குவான்.” ஸ்பேனர் நிமிர்ந்து பார்த்தார். “கெளம்பித்தான் இருந்திருக்கான்.”

கூடத்தில் அக்கா யாரிடமோ பேசுவது கேட்டது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“டயர்ல ஒண்ணுமில்ல அண்ணே. நான்தான் போகவேண்டாம்னேன்.”

ஸ்பேனர் மீட்டரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

“காத்து இல்லாம நிக்கவெச்சா டயர் வீணாப்போயிரும்மா,” என்றார் கடைசியில். “பம்ப் இருக்கா?”

மூலையில் கால் பம்ப் இருந்தது. ஸ்பேனர் குழாயை டயரில் பொருத்தி முள்ளைப் பார்த்துக்கொண்டு குனிந்திருக்க, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள். முதலில் லேசாக இருந்தது. பிறகு கனத்தது. முள் மெல்ல மெல்ல ஏறியது.

“போதும்மா,” என்றார்.

அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.