கொம்புக்காரர்

லாமசேகோ குந்தி உட்கார்ந்து சாணத்தை இரண்டு விரலால் பிட்டுப் பார்த்தாள். உள்ளே இன்னும் சூடு. பக்கத்துப் புழுதியில் ஒரு பெரிய மூவிரல் தடம், ஒட்டினாற்போல் ஒரு சின்னது. கையைப் புல்லில் துடைத்துவிட்டு மேற்கே காட்டினாள்.

ஆப்பிரிக்காவின் தெற்கே, எசுவாத்தினி நாட்டின் அந்தக் காட்டில் பதினோரு வருஷமாக முன்னால் நடப்பவள் அவள்தான். சட்டையில் குத்தும் வழிகாட்டி வில்லை கிடைத்துவிட்டால் தடம் பார்ப்பதோடு நிற்காது. விருந்தாளிகளிடம் அவளே பேசலாம், சம்பளமும் ஒன்றரை மடங்கு. பின்னால் பரீட்சைத் தாளோடு மூச்சு வாங்க வந்தார் புது மேலாளர், கடல் கடந்து வந்தவர். அவருக்குப் பின்னால், அதே வில்லைக்குப் போட்டியிடும் பெக்கி. காண்டாமிருகச் சாணத்துக்கும் மாட்டுச் சாணத்துக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வாயை விற்றே பிழைத்துக்கொள்வான்.

வரிக்குதிரை, காட்டுப்பன்றி, நீர்யானை என்று மேலாளர் கேட்கக் கேட்க, அவள் தன் சுவாசி மொழியில் பெயர்களைச் சொல்லி வந்தாள். முள்மரத்துக்கு அப்பால் காண்டாமிருகத் தாயும் கன்றும் மேய்ந்துகொண்டிருந்தன. இதன் பெயர் என்ன என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கொம்புக்காரர்."

தாளில் அப்படி இல்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே விடை.

பெக்கிதான் விளக்கினான். அந்த விலங்கின் பெயரைத்தான் அவள் மாமனாருக்கு வைத்திருந்தார்கள். தங்கள் பக்கத்து மருமகள் எவளும் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள் என்றான். மாமனார் எங்கே என்றார் மேலாளர். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் என்றான்.

"அப்புறம் என்னம்மா? அவரு காதுல விழவா போகுது?"

"என் காதுல விழுமே சார்."

"பேரு தெரியாதவங்களுக்கு நான் எப்படி மார்க் போடுறது?"

"தெரியாதுன்னு யாரு சொன்னா? சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன்."

பெக்கி அவள் பக்கம் சாய்ந்தான். "ஒரு தடவ முணுமுணுத்துத் தொலையேன்க்கா. நான் காதப் பொத்திக்கிறேன்."

"நீ வாயப் பொத்து. கன்னு பாக்குது."

மேலாளர் அந்த வரிக்கு நேரே பெருக்கல் குறி போட்டார். அவள் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காற்று திசை மாறுவதற்குள் இருவரையும் பத்திரமாகப் பின்னால் நடத்திக் கூட்டிவந்தாள்.

திங்கட்கிழமை வில்லை பெக்கியின் சட்டையில் மின்னியது. பத்து விருந்தாளிகள். முன்னால் நடந்தவள் லாமசேகோதான். அவள் கம்பை உயர்த்திய இடத்தில்தான் தாயும் கன்றும் நின்றன. பெக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தான். விருந்தாளிகள் ஒவ்வொருவராகத் திருப்பிச் சொன்னார்கள்.

ஒவ்வொரு தடவையும் லாமசேகோ தோள்துணியை இழுத்துப் போர்த்தி, முழங்காலை மடித்து, நிமிர்ந்தாள்.

அந்தம்மா என்ன செய்கிறார் என்று ஒரு பெண் கேட்டாள்.

"அதுவா? அதான் மேடம் எங்க மரபு," என்றான் பெக்கி.

பத்துக் கேமராக்களும் காண்டாமிருகத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பின.