வெயிலுக்கு ஸ்விட்ச் எங்கே?

தரைக்குக் கீழே இருந்த அந்தத் தையல் கடையில் ட்யூப்லைட்டைத் தவிர வேறு சூரியன் கிடையாது. அந்த வெளிச்சத்தில் கறுப்பும் கருநீலமும் இரட்டைப் பிள்ளைகள். கடைக்காரரின் தங்கை கறுப்புக் கால்சட்டையைக் கருநீல நூலால் தைத்துக் கொடுத்து, வாடிக்கையாளர் தெருவில் நின்று கத்தியது இது இரண்டாவது முறை. துணி வெட்டும் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு முறை நடந்தால் மெஷினில் தானே உட்கார்ந்துகொண்டு அவளைக் கல்லாவுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அவளுக்கு மெஷின்தான் உயிர். வருகிறவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதெல்லாம் அவளால் ஆகாத காரியம்.

அவள் கணவன் வயரிங் வேலைக்காரன், சும்மா இருப்பானா? மொட்டைமாடியில் சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்பும் லென்ஸுகளைப் பொருத்தினான். அங்கிருந்து தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகளைக் கற்றையாகச் சுவரோரம் இறக்கி, அவள் மெஷினுக்கு நேர் மேலே கொண்டுவந்து விட்டான். வெயில் அதற்குள்ளேயே ஓடி வரும் என்றான். வெயிலுக்குப் பைப் போட்ட ஆளை இப்போதுதான் பார்ப்பதாகக் கிண்டலடித்த அண்ணன், ஸ்விட்சைத் தேடிச் சுவரெல்லாம் தடவினார்.

"ஸ்விட்ச் மேல இருக்கு மச்சான், வானத்துல."

இழைகளின் நுனியில் மாட்டியிருந்த உறையை அவன் கழற்றியதும் மெஷின் மேல் பட்டப்பகல் வந்து விழுந்தது. அவள் முதல் வேலையாக நூல் பெட்டியை எடுத்தாள். மூடியில் 'கறுப்பு' என்று அண்ணனின் கொட்டை எழுத்து. நூலைப் பிரித்து அடுக்குவது அவர் வேலை, வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. திறந்தால், உள்ளே இருந்தது அத்தனையும் கருநீலம்.

"அண்ணா, இது என்ன கலர்?"

எட்டிப் பார்த்த அண்ணன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேகம் வந்து சூரியனை மூடியது. மெஷின் இருண்டது, அண்ணன் முகம்தான் பளிச்சென்று ஆனது.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சாய்ந்தாள்.

"மேகம் போகட்டும்ணா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அண்ணன் கத்தரிக்கோலைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். வெளிச்சம் மெல்லத் திரும்பி வந்து அவருடைய கொட்டை எழுத்தின் மேலேயே விழுந்தது. அவர் பெட்டியை வாங்கி, 'கறுப்பு' என்பதை அடித்துவிட்டுக் 'கருநீலம்' என்று எழுதினார்.

பிறகு தானே போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார்.