அழிக்கச் சொன்ன குரல்

பிளாவ்திவ் நகரில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தில், ஆள் சேர்ப்பதும் விலக்குவதும் ராதோஸ்தினாவின் கையில் இருந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதைச் சொல்லவில்லை. கணினிக் கோடு எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதியதைக் கொண்டுவந்து வைக்கிற பொதுத் தளம் ஒன்று இருந்தது. அவள்தான் அதற்கு அட்மின். புதிதாக ஒரு ப்ராஜெக்ட் வந்தால் அதற்கு இடம் திறப்பாள். யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுப்பாள். யாராவது வேலையை விட்டுப் போனால் அவர்கள் பெயரை எடுத்துவிட வேண்டும். அது மட்டும் அவளுக்குப் பிடிக்காது. ஜன்னல் வழியாகப் பார்த்து, போகிறவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எடுப்பாள்.

ஒரு திங்கட்கிழமை இயக்குநர் எவ்தோக்கியா அம்மையார் அவளைக் கூப்பிட்டார். நிறுவனத்தைப் புதிய முதலாளிகள் வாங்கியிருந்தார்கள். வருமானம் இல்லாத சின்னச் சின்ன ப்ராஜெக்ட்களை மூடச் சொல்லி உத்தரவு.

"பேசும் பலகையையும்தானா மேடம்?"

"அதுதான் முதல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா எடுத்துடு."

பேசும் பலகை என்பது, காது கேட்டும் வாய் பேச வராத குழந்தைகளுக்காகச் செய்தது. டேப்லெட்டில் படங்கள் இருக்கும். குழந்தை ஒரு படத்தைத் தொட்டால் அது அந்தச் சொல்லைச் சொல்லும். வெசெலின் என்பவன் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து தொடங்கி, பிறகு நிறுவனத்தின் பெயரில் வளர்த்தது. விளம்பரத்துக்கு ஆகட்டும் என்று மேலிடமும் விட்டு வைத்திருந்தது.

அழிப்பதற்கு முன்னால் தீராத புகார்கள் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது ராதோஸ்தினாவின் பழக்கம். பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. ஓக்னியான் என்கிற ஒருவர் எழுதியிருந்தார். கோடு எழுதுகிற ஆளில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது.

"மதிப்பிற்குரியவர்களே, உங்கள் கடைசி அப்டேட்டுக்குப் பிறகு என் மகள் பலகையைத் தொடுவதில்லை. முன்பு அதில் ஒரு பெண் பேசினார். இப்போது ரயில் நிலையத்தில் அறிவிப்பவர் போல ஒரு ஆண் பேசுகிறார். என் மகள் அவரை ஏற்கவில்லை. அந்தப் பெண்ணைத் திருப்பித் தர முடியுமா?"

ராதோஸ்தினா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். அந்தப் பெண் அவள்தான்.

தொடங்கிய காலத்தில் வெசெலின் அவளைக் கோட்டு மாட்டும் அறைக்குள் இழுத்துப் போய், கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே நிற்க வைத்து, தண்ணீர், ரொட்டி, வேண்டாம், வலிக்கிறது என்று வரிசையாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருந்தான். தற்காலிகம்தான் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாள், மறந்தும் போனாள். தன் குரல் யாரோ ஒரு வீட்டில் இத்தனை நாள் ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வெசெலினின் மேசைக்குப் போனாள். "டேய், என் குரலை ஏன்டா எடுத்த?"

"உன் குரல்ல என்ன குறை, கிளி மாதிரி இருந்துச்சு." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் உன்னைக் கோட்டு அறைக்குள்ள தள்ள முடியுமா? மெஷின் குரல்னா எழுதிக் கொடுத்தா பேசிடும்."

"ஒரு பொண்ணு பேசுறதையே விட்டுட்டாளாம்."

அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு, "இனி என்ன, எல்லாரும்தான் விடப்போறாங்க. மூடுறாங்களே" என்றான். "நாலு வருஷம் ராதோ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நீ அழிக்கப் போறேன்னு காபி மெஷின்கிட்ட நின்னவங்க சொல்லித் தெரிஞ்சுகிட்டேன்."

அவள் தன் மேசைக்குத் திரும்பித் தளத்தில் தேடிப் பார்த்தாள்.

பழைய பதிவுகள் போய்விடவில்லை. தளம் எதையும் மறக்காது; மாற்றியதெல்லாம் அடியடியாக வரலாற்றில் கிடக்கும். ஆனால் ப்ராஜெக்டையே அழித்தால் வரலாறும் சேர்ந்து போகும். அன்று மாலை ஓக்னியானுக்குப் பதில் எழுதி, வரலாமா என்று கேட்டாள். உடனே வரச் சொன்னார்.

அவர் பள்ளியில் புவியியல் ஆசிரியர். மனைவி ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டாள். மகள் பில்யானாவுக்கு ஒன்பது வயது. அடுக்குமாடியின் மேல் மாடியில், வறுத்த மிளகாய் மணக்கும் சமையலறையில், மேசைக்கு அடியில் உட்கார்ந்து பூனையின் காலுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.

"புது ஆளுங்கன்னா வெளிய வரமாட்டா. நீங்க தப்பா நினைக்காதீங்க" என்றார் ஓக்னியான். "உக்காருங்க. காபி கொதிக்குது."

"பரவாயில்ல, நான் தண்ணி மட்டும் குடிக்கிறேன்" என்றாள் ராதோஸ்தினா.

மேசைக்கு அடியில் சலசலப்பு நின்றது. பூனை நாடாவோடு ஓடியது. பில்யானா தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து, ராதோஸ்தினாவின் வாயையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி அவள் தொண்டையில் இரண்டு விரல் வைத்தாள். விரல் ஜில்லென்று இருந்தது.

"என்ன கண்ணு?"

விரலுக்கு அடியில் அதிர்ந்தது. பில்யானா கையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி, டேப்லெட்டோடு வந்தாள். ரொட்டிப் படத்தைக் காட்டினாள். தொடவில்லை, காட்டத்தான் செய்தாள்.

"ரொட்டி" என்றாள் ராதோஸ்தினா.

குழந்தை சிரித்தது. சத்தமே இல்லாத, உடம்பு முழுக்கக் குலுங்குகிற சிரிப்பு. அடுத்து பூனை. அடுத்து மழை. அப்பா. குளிக்கமாட்டேன். வெள்ளரிக்காய். ராதோஸ்தினா சொல்லச் சொல்ல, பில்யானா வேகம் பிடித்தாள். கடைசியில் படங்களை அவள் தனித்தனிச் சொற்களாகக் காட்டவில்லை, பேசத் தொடங்கியிருந்தாள்: அப்பா, காபி, கருகுது.

"அப்பா காபி கருகுது" என்று சொல்லிவிட்டுத்தான் ராதோஸ்தினாவுக்குப் புரிந்தது. ஓக்னியான் அடுப்பை அணைக்க ஓடினார். அணைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடி அங்கேயே வெகுநேரம் நின்றார்.

"மூணு மாசம் ஆச்சு அவ என்னைத் திட்டி" என்றார் திரும்பாமலே.

கிளம்பும்போது பில்யானா அவள் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படத்தைத் தேடிக் காட்டினாள். சொல்ல ராதோஸ்தினாவுக்குச் சற்று நேரமாயிற்று.

"என்னுடையது" என்றாள்.

மறுநாள் காலை அவள் எவ்தோக்கியா அம்மையாரின் அறையில் போய் நின்றாள்.

"மேடம், அழிக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி வெளிய பொதுத் தளத்துல அதே ப்ராஜெக்டைத் திறந்து, வரலாறோட முழுசாக் கொண்டுபோய் வச்சுக்கலாமா?"

"யார் வச்சுக்கப் போறது?"

"நானும் ஒரு வாத்தியாரும். அவர் பொண்ணு பேசுறதே அதாலதான்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு அன்னைக்கே உரிமத்துல எழுதிட்டோம். அந்த யாரோவுல நீயும் ஒருத்தி, தடுக்க எனக்கு என்ன இருக்கு? நம்ம பேரு இருக்கக் கூடாது, நம்ம சர்வர் இருக்கக் கூடாது, ஆபீஸ் நேரமும் கூடாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்றார்.

"ஒன்பது."

"சரி, போ. எனக்கு வேலை இருக்கு."

அன்று மாலையே ஓக்னியானின் சமையலறை மேசையில் புதிய ப்ராஜெக்ட் பிறந்தது. கோடு, வரலாறு, கோட்டு அறையில் பதிவான அந்தக் குரல் எல்லாம் ஒன்று விடாமல் ஏறுவதற்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ஒரு தட்டு தீர்ந்திருந்தது.

"இப்ப உங்களையும் ஓனராப் போடறேன்" என்றாள்.

ஓக்னியான் பதறிவிட்டார். "என்னையா? நான் பசங்களுக்கு மலையும் ஆறும் சொல்லிக் கொடுக்கறவன். தெரியாம ஒரு பட்டனைத் தொட்டு எல்லாம் போயிடுச்சுன்னா?"

"ஒரே ஆள்கிட்ட சாவி இருந்தா என்ன ஆகும்னு இந்த வாரம் பார்த்தோமே. நாளைக்கு எனக்கே ஏதாவது ஆச்சுன்னா? பயப்படாதீங்க, பூட்டுப் போட்டுத்தான் தர்றேன்."

பூட்டினாள். குழந்தைகள் கைக்குப் போகிற பிரதியில் யாரும், அவளே ஆனாலும், நேராகக் கை வைக்க முடியாதபடி செய்தாள். எந்த மாற்றமும் தனியாக ஓரமாக நிற்க வேண்டும். இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் வீட்டில் ஒரு நாளாவது இருந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே. ஒவ்வொரு விதியாக அவள் சொல்ல, ஓக்னியான் வகுப்பில் கவனிக்கிற பையனைப் போலத் தலையாட்டினார்.

"பேரு?"

அதை பில்யானாவிடம் விட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. ஆட்டுப் படத்தைக் காட்டினாள்.

வெசெலினுக்கும் ஓர் அழைப்பு அனுப்பி வைத்தாள். அவன் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அழைப்பு அப்படியே நின்றது. புதன்கிழமை நடைபாதையில் எதிரே வந்தவன், "என் பேரை எதுலயும் போடாத. ஒருதடவை செத்ததுக்கு அழுதா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் அழிக்க உட்கார்ந்தாள். தளம் லேசில் விடாது. மெய்யாகவே அழிக்கிறாயா என்று கேட்டு, ப்ராஜெக்டின் பெயரை எழுத்து எழுத்தாக அடிக்கச் சொல்லும். அவள் பாதி அடித்திருந்தபோது பின்னால் யாரோ வந்து நின்றார்கள்.

"நகரு" என்றான் வெசெலின். "நான் பெத்தது. நானே எழுதறேன்."

அவள் எழுந்து இடம் கொடுத்தாள். அவன் மீதிப் பெயரை மெதுவாக அடித்தான். விரல் பட்டனின் மேலே நின்றது.

"எல்லாம் அங்க வந்துடுச்சுதான?"

"ஒவ்வொரு அடியும். நீ முதல் நாள் எழுத்துப்பிழையோட வச்சது உட்பட."

அழுத்தினான். திரை வெறுமையானது. அவள் அவன் தோளில் கை வைத்தாள், அவன் தட்டிவிடவில்லை.

"அந்த அழைப்பு இன்னும் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

போனில் அங்கேயே திறந்து பார்த்தான். முகம் சுருங்கியது. "என் நாலு வருஷ உழைப்புக்கு ஆடுன்னாடி பேரு வச்சீங்க?"

"ஓனர் வச்சா. போய் அவகிட்ட சண்டை போடு."

அவன் சண்டைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் செர்ரி மதுவை எடுத்துக்கொண்டு, ராதோஸ்தினாவோடு ஓக்னியானின் வீட்டுக்குப் போனான். பழைய குரலை மீட்டு, குரலை அவரவர் தேர்ந்தெடுக்கிற மாதிரி மாற்றியிருந்தான். விதிப்படி அது பில்யானாவிடம் ஒரு நாள் இருக்க வேண்டும். அவள் டேப்லெட்டை வாங்கித் தண்ணீரைத் தொட்டாள். ராதோஸ்தினாவின் குரல் தண்ணீர் என்றது. பில்யானா டேப்லெட்டைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அந்தக் குரல் இருட்டும் வரை பேசிக்கொண்டே இருந்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும், பூனையை அதட்டும், காரணமில்லாமல் மழை மழை என்னும். சமையலறையில் மூன்று பேரும் கிளாஸைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெசெலின் எழுந்து ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினான்.

ஆடு மெல்ல வளர்ந்தது. வார்னாவிலிருந்து ஒரு அம்மா, ரூசேயிலிருந்து ஒரு தாத்தா என்று ஆட்கள் வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ராதோஸ்தினா இடம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிய சொற்களைப் பதிவு செய்ய ஓக்னியானின் வீட்டுக்குப் போனாள். பிறகு பதிவு இல்லாத நாட்களிலும் போனாள். ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு தன் வீட்டுக்குத் திரும்பிப் போவதை நிறுத்திவிட்டாள். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. அலமாரியில் ஓக்னியான் தன் வரைபடங்களை ஒதுக்கி இடம் செய்தார், அவ்வளவுதான்.

பில்யானாவுக்குப் பன்னிரண்டு முடிந்த வசந்தத்தில், ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டு ராதோஸ்தினாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தொட்டாள்.

"குரல்" என்றது ராதோஸ்தினாவின் குரல். "வேறு. என் வயசு. வேணும்."

ஓக்னியான் செய்தித்தாளைத் தாழ்த்தினார். ராதோஸ்தினாவுக்குத் தன் வாயாலேயே தன்னை அனுப்பி வைக்கிற மாதிரி இருந்தது.

"பள்ளிக்கூடத்துல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லை" என்றது குரல். பில்யானா எழுந்து வந்து, முதல் நாள் விரல் வைத்த மாதிரி இல்லாமல், இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து இன்னும் இரண்டு படம் தொட்டாள். "இது. உன்னுடையது."

ராதோஸ்தினா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தாள். ஆட்டின் பக்கத்துக்குப் போய், புதிய கோரிக்கை ஒன்றை அவளே பதிந்தாள்: பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரல் தேவை.

"யாருடையது வேணும்னு யோசிச்சு வச்சிருக்கியா?"

பில்யானா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல், வகுப்புத் தோழி ஸோர்னித்சா ஷூவைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"வா வா, ஏன் அங்கேயே நிக்கற?" என்று எழுந்தாள் ராதோஸ்தினா. "பசிக்குதா? சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாம். சொல்ல வேண்டியது நிறைய இருக்கு."