எந்த சிம்மும் போடலாம்

மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே நடைமேம்பாலத்தின் படிகளில் பெண்கள் ஏறிவிடுவார்கள். சாலையைக் கடப்பதற்கு அல்ல. பாலத்தின் நடுவில், விளம்பரத் தட்டிக்குக் கீழே, ஏழெட்டுப் பேர் நெருக்கி நின்றால் கொள்ளுகிற இடத்தில்தான் அவர்களுடைய போன் கம்பெனியின் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அவர்கள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கீழே பேருந்தில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, என்ன ஏதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே போவார்கள்.

சரியாக ஆறு மணிக்குக் கிடங்கின் செயலியில் செய்தி வரும். நாளைக்கு இத்தனை பேர் வேண்டும். முதலில் 'வருகிறேன்' என்று அமுக்குகிறவர்களுக்கு வேலை. மற்றவர்களுக்கு மறுநாள் முழுக்க ஓய்வு. யாரும் கேட்காத ஓய்வு. தொடர்ந்து ஆறு நாள் இப்படி ஓய்ந்திருந்தால் பட்டியலிலிருந்து பெயர் தானாகவே போய்விடும். போன பெயர் திரும்பி வந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அண்ணியும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். கிடங்கில் அவளுக்கு அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. அங்கே சேர்த்துவிட்டது அவள் நாத்தனார்தான். நாத்தனார் 'அண்ணி, அண்ணி' என்று நாளெல்லாம் கூப்பிட்டதில், பேரன் எடுத்த லாரி டிரைவர்கள் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கணவன் தச்சு வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனபின், வீட்டுக்குள் வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

அன்றைக்கு அவள் அமுக்கியபோது, 'இடங்கள் நிரம்பிவிட்டன' என்று வந்தது. தொடர்ந்து நாலாவது நாள்.

"கம்பெனிக்காரன் ஓசியில குடுத்தான்னு வாங்கினீங்களே, அன்னிக்கே சொன்னேன்" என்றாள் நாத்தனார். அவளுக்குக் கிடைத்துவிட்டிருந்தது. கிடைத்ததைக் காட்டிக்கொள்ளாமல் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஓசியில எங்கடி குடுத்தான்? பாதி விலைக்குக் குடுத்தான்."

பாதி விலைக்கு ஏன் கொடுக்கிறான் என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த போனில் அவன் சிம்மைத் தவிர வேறு சிம்மைப் போட்டால் ஏற்றுக்கொள்ளாது. அவன் சிக்னலோ அண்ணியின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே தரைத்தளத்தில் ஒற்றை அறை. பகலிலும் விளக்குப் போட வேண்டும். பக்கத்து அறைத் தையல்காரர் இன்னொரு கம்பெனி சிம்மை வைத்துக்கொண்டு பாயில் படுத்தபடியே சினிமா பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் பாலத்தில் முதல் ஆளாகப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்கொட்டாமல் நின்று ஒருவழியாக அமுக்கிவிட்டாள். பட்டியலில் பெயர் தப்பியது. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

கணவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கட்டிலுக்கடியில் கையை விட்டு ஒரு பெட்டியை இழுத்தான். துளைபோடும் மெஷின். எண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

"இத வித்துட்டு நல்ல போனா ஒண்ணு வாங்கு. லாக் இல்லாத போனு. எந்த சிம்மும் போடற மாதிரி."

"உங்களுக்கு வேணாமா?"

"எனக்கு எதுக்கு? உன் தலையில துளை போடவா?"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். இனி அவன் வேலைக்குப் போகப் போவதில்லை என்பது அன்றைக்குத்தான் இருவருக்கும் தீர்மானமாகத் தெரிந்தது.

பழைய போன் விற்கிற சந்தில் கடைக்குக் கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டிருந்தார். கையளவு போன் ஒன்றை எடுத்து வைத்தார். ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி பழுதில்லை.

"எந்த சிம்மும் போடலாம்கா. கண்ண மூடிட்டு வாங்கிட்டுப் போங்க."

"நான் கண்ணத் திறந்துட்டே வாங்கறேன். வேற கம்பெனி சிம்மு உங்ககிட்ட இருக்கா? போட்டுக் காட்டுங்க."

அவர் தன் சிம்மைக் கழற்றிப் போட்டுக் காட்டினார். அவள் அதிலிருந்து பக்கத்து அறைத் தையல்காரரின் போனுக்குப் போட்டு, வீட்டுக்காரனிடம் கொடுக்கச் சொன்னாள். அவனைப் பேசச் சொல்லி, பாடச் சொல்லி, இருமச் சொல்லிக் கேட்டாள். சார்ஜர் குத்தினாள். திரையில் ஒவ்வொரு மூலையாக விரலை வைத்து அழுத்தினாள். பிறகு, இந்த போன் திருட்டு போன் இல்லை என்று எழுதி முத்திரை குத்தித் தரச் சொன்னாள்.

"ஏங்கா, மாப்பிள்ளை பாக்க வந்தவங்க கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர். ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

அதில் அவள் ஏமாறவில்லை. அது நல்ல போன். நம்பர் மாறாமலே கம்பெனி மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு மணியடித்த மாதிரி செய்தி வந்தது. அமுக்கினாள். பச்சை வட்டம். அந்தப் பச்சையைக் காட்டினால்தான் கிடங்கின் சுழல்கதவு திறக்கும். அவள் போனைக் கணவனின் முகத்துக்கு நேரே பிடித்தாள். இருவருக்கும் தாங்க முடியாத சந்தோஷம். ஒன்பது நாள் அவளுக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பத்தாம் நாள் நாத்தனாரின் போன் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்துவிட்டது. அவள் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது; பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் இருக்கிறாள். போனில்லாமல் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. ஈரப் புடவையோடு ஓடி வந்தாள்.

"அண்ணி, அந்தப் பழைய போனு சும்மாத்தான கெடக்கு? எனக்கும் அந்தக் கம்பெனி சிம்முதான்."

"எடுத்துக்கோ. இதுக்கு எதுக்கு மூச்சு வாங்குது? தண்ணி குடி முதல்ல."

வீட்டில் ஒருவர் விட்ட போனை அடுத்தவர் எடுப்பதுதான் எங்கும் வழக்கம். சட்டை, செருப்பு, போன் எல்லாம் அப்படித்தான் கைமாறுகின்றன. நாத்தனார் தன் சிம்மைப் போட்டு, தன் நம்பரைக் கொடுத்துச் செயலிக்குள் நுழைந்து, பாலத்தின் மேல் நின்று அமுக்கினாள். அவளுக்குப் பச்சை வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பாகி எழுத்துகள் வந்தன. அதே நேரத்தில், சந்துக்குள் சாத்திய கதவுக்குப் பின்னால் அண்ணியின் போனும் சிவந்தது.

'ஒரு கைபேசி, ஒரு பணியாளர் என்ற விதி மீறப்பட்டுள்ளது. ஒரே கைபேசியில் இருவர். முறைகேடு. இருவரின் பதிவும் நிறுத்தப்படுகிறது. நேரில் விளக்கம் அளிக்கவும்.'

முன்பு ஏதோ ஒரு மேஸ்திரி ஒரே போனில் நாற்பது பேருக்கு அமுக்கிக் கொள்ளையடித்தானாம். அவனுக்காகப் போட்ட விதி; அண்ணி விட்ட போன் கிடங்கின் கணக்கில் இன்னும் அண்ணியுடையதாகவே இருந்தது. அப்படி ஒரு விதி இருப்பதே இவர்கள் இருவருக்கும் தெரியாது. சும்மா கிடந்ததை வீட்டு மனுஷிக்குக் கொடுத்தது எப்படி முறைகேடு ஆகும் என்று அண்ணிக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் கிடங்கு வாசலில் போய் நின்றார்கள். காவல்காரருக்கு அண்ணியை மூன்று வருடமாகத் தெரியும்.

"உங்களை எனக்குத் தெரியாதா அண்ணி? ஆனா பச்சை இல்லாம கதவு திறக்காது. அது என் பேச்சக் கேக்காது."

"நேர்ல வந்து சொல்லச் சொல்லியிருக்கே?"

"ஆபீஸ் உள்ளதான இருக்கு."

"உள்ள போகப் பச்சை வேணும். பச்சை வாங்க உள்ள போகணும். அப்படித்தான?"

காவல்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அண்ணி அலுவலக எண்ணுக்கு போன் போட்டாள். சிக்னல் நிறைய இருந்தது. குரல் கணீரென்று கேட்டது. பதிவு செய்த பெண் குரல், சந்தேகங்களுக்குச் செயலியின் உள்ளே சென்று கேட்கும்படி திரும்பத் திரும்பச் சொன்னது. செயலி சிவப்பாகவே கிடந்தது.

நாலு நாள் அப்படியே நின்றார்கள். லாரிகள் போயின, வந்தன. மதியம் காவல்காரர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம், காவல்காரர் யார் யார் காலையோ பிடித்து, சூப்பர்வைசரை வாசலுக்கு அழைத்து வந்துவிட்டார். இளவயசுக்காரர், கெட்டவர் இல்லை. கையில் பலகை போல ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். நடந்ததையெல்லாம் நின்று கேட்டார்.

"புரியுதுங்க. ஆனா இதுல ரெண்டே கட்டம்தான் இருக்கு. 'கைபேசி திருடப்பட்டது.' 'தெரிந்தே கொடுத்தேன்.' ரெண்டுல ஒண்ணத் தொடணும்."

"நடந்தத நடந்தபடி எழுதிக் குடுத்தா?"

"எழுத இடமில்லைங்க. தொடத்தான் இடம்."

"தெரிஞ்சுதான் குடுத்தேன். அதத் தொட்டா?"

"ரெண்டு பேரும் வெளிய. திருடுபோச்சுன்னு தொட்டா உங்களுக்குப் பச்சை வந்துடும். அவங்க பேரு போயிடும்."

"அவ எங்க வீட்டுப் பொண்ணு சார். அவதான் என்னையே இங்க சேத்துவிட்டா."

"வீட்டுப் பொண்ணுன்னு ஒரு கட்டம் இல்லையே. நாளைக்கு ஆறாம் நாளுங்க. அப்புறம் நானே நினைச்சாலும் முடியாது."

அண்ணி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் சற்று நேரம் சாலையைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்தாள்.

"திருடினேன்னே போடுங்க அண்ணி."

"வாய மூடுடி."

"ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து என்ன பண்றது? அண்ணனால எழுந்திரிக்க முடியாது. எனக்குக் கை கால் இருக்கு. இந்த ரோட்டுல கிடங்குக்கா பஞ்சம்? பக்கத்துலயே இன்னொண்ணுல சேந்துக்கறேன். அப்புறம் நீங்க எனக்குக் கடன்பட்டவங்க, பாத்துக்குங்க. சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன்."

"என்னால முடியாதுடி."

"உங்களால என்னிக்குத்தான் எது முடிஞ்சுது?" என்று சிரித்துக்கொண்டே நாத்தனார் அண்ணியின் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். அட்டையில் வெட்டுப்பட்டுக் காய்த்துப்போன விரல். முதல் தடவை திரை அதை உணரவில்லை. நாத்தனார் அந்த விரல் நுனியைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்து அழுத்தினாள். சூப்பர்வைசர் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணி வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நாத்தனார் அழவில்லை. பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரமாகிவிட்டது என்று சொல்லி முன்னால் நடந்தாள்.

அன்று மாலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. அண்ணி அமுக்கினாள். பச்சை வந்தது. இந்தத் தடவை அவள் போனைக் கணவனிடம் காட்டவில்லை.

காலையில் சுழல்கதவுக்கு முன்னால் நீள வரிசை. காவலறையின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம். நாத்தனார் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே 'திருட்டு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

காவல்காரர் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "என்னைத்தான் ஒட்டச் சொன்னாங்க அண்ணி. இந்த ரோட்டுல இருக்கற எல்லாக் கிடங்குக்கும் இதே தாளு போயிருக்கு."

வரிசை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பின்னால் நின்ற லேபிள் ஒட்டுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, இது உங்க நாத்தனார் இல்ல? அந்த வாயாடி! என்னத்த அண்ணி திருடினா?"

"போனு."

"அடிப்பாவி. யார் போன?"

கதவு அண்ணியின் பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளிக்கென்று திறந்தது. பின்னாலிருந்து யாரோ நெருக்கித் தள்ளினார்கள்.

"என்னுதத்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனாள்.